சிவப்பு நட்சத்திரம்

பிள்ளைக்காம்பராவில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு.
நாற்காலிகள் மூன்று வயசுக்கு அளவெடுத்தவை.
முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருக்கிறோம்
பதினோரு பேர்:
கொழுந்து லொறி ஓட்டும் காளிதாஸ்,
வாட்டுமாடத்துச் சவரிமுத்து,
மூன்றாம் லயத்துப் பூங்காவனம், நான், மற்றவர்கள்.
சுவரில் பூனை, மீன், பந்து.
அதற்குக் கீழே ஆறு டேப்லட்,
இரண்டில் திரை கீறல்.

லிந்துலையிலிருந்து ஏழேகால் பஸ்ஸில் வருகிறாள்
நிரஞ்சலா டீச்சர்.
"தொட்டால் போதும், அமுக்க வேணாம்" என்கிறாள்.
தொட்டேன்.
திரை அசையவில்லை.
முப்பத்தொரு வருசம் கொழுந்து ஒடித்த பெருவிரல்,
கறை ஏறி, வெடித்து, காய்ச்சுப்போன தோல்.
கண்ணாடிக்கு அது விரலாகப் படவில்லை.
ஆள்காட்டியையும் தெரியாது என்றது.
"சுண்டுவிரலை வச்சுப் பாருங்க அக்கா."
வைத்தேன். திறந்தது.
இத்தனை வருசமாய் வேலைக்குப் போகாத ஒருத்தி
என் கையிலேயே இருந்திருக்கிறாள்.

சேமலாப நிதியில் எனக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது?
கேட்பதற்கு ஒரு படிவம்.
பெயர் என்ற இடத்திலேயே அரைமணி போயிற்று.
அடையாள அட்டையில் தெய்வானை.
சம்பளத் துண்டில் தேவானி.
பிறப்புச் சான்றிதழில் தெய்வான, அத்தோடு நிற்கிறது.
மூணு பேரில் மலைக்குப் போனது யார் என்று
பூங்காவனம் கேட்டாள்.
மூணு பேருக்கும் சேர்த்து ஒரு சம்பளம்தான் என்றேன்.

அடுத்தது முகவரி.
வீட்டு இலக்கம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
வீதி, அதற்கும் சிவப்பு நட்சத்திரம்.
"அப்படின்னா கட்டாயம்" என்றாள் டீச்சர்.
எழுதினேன்:
கீழ்ப்பிரிவு, நாலாம் லயம், ஆறாம் காம்பரா,
பீலிக்கு மேலே, பேரிக்காய் மரத்துக்கு இந்தப் பக்கம்.
ஏற்கவில்லை.
"ஒண்ணுன்னு போடு தாயி, எவன் வந்து பாக்கப்போறான்"
என்றார் சவரிமுத்து.
சிரித்தோம்.
பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

எங்களுக்குக் கடிதம் வரும் வழி இது:
தபால்காரர் தோட்டத்து ஆபீசில் போடுவார்.
ஆபீஸ் நினைத்தால் கணக்கப்பிள்ளைக்கு.
கணக்கப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தால்
கொழுந்து நிறுக்கும் இடத்தில் நமக்கு.
மகளுக்குத் தாதிப் பயிற்சி நேர்முகம் பதினாலாம் திகதி.
கடிதம் கைக்கு வந்தது பதினேழு.
உறையில் சாக்கு வாசம்.
இப்போது வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.
உட்கார விடமாட்டார்களாம்.

டீச்சர் வேறொரு பக்கம் திறந்தாள்.
"இந்த முகவரிக்கு வீதி வேணாம்."
மின்னஞ்சல்.
என் பேரைக் கொடுத்தால் யாரோ எடுத்துவிட்டார்களாம்.
எங்கோ இன்னொரு தெய்வானை முந்திக்கொண்டாள்,
அவளுக்கும் வீதி இல்லையோ என்னவோ.
பின்னால் இலக்கம் சேர்க்கலாம் என்றதும்
நாலும் ஆறும் சேர்த்தேன்.
லயம் நாலு, காம்பரா ஆறு.
எடுத்துக்கொண்டது.
அது எந்த ஊர் என்று கேட்கவே இல்லை.

கடவுச்சொல் வைக்கும்போது
எல்லோரையும் திரும்பி உட்காரச் சொன்னாள்.
பக்கத்துக் காம்பராவில் உப்பு டப்பா திறந்தாலும்
கேட்கிற சுவருக்குள் வாழ்ந்தவள் நான்.
எனக்காகப் பத்து முதுகுகள்!
சுண்டுவிரலால் ஒவ்வொன்றாகக் குத்தினேன்.
புள்ளி புள்ளியாக விழுந்தது.
என்ன வைத்தாய் என்று ராமையா
இரவு மூன்று தரம் கேட்டார்.
இன்னும் கோபம் தீரவில்லை அவருக்கு.

படிவம் விடாததால்
கேட்க வேண்டியதைக் கடிதமாகவே எழுதி
மூன்று மணிக்கு அனுப்பினேன்.
தண்ணித்தாங்கிக்குப் பக்கத்தில்தான் சிக்னல்.
பனி இறங்கிக்கொண்டிருந்தது.
படங்கைத் தலையில் போட்டு
கையை மேலே தூக்கி நின்றேன்.
டிங்.
'உங்கள் கடிதம் கிடைத்தது.
பதினான்கு வேலை நாட்களுக்குள் பதிலளிக்கப்படும்.'

லயத்தின் முதல் வாசலிலிருந்து
கடைசி வாசல்வரை வாசித்துக் காட்டினேன்.
"அட, அது மிசின் போட்ட பதில்" என்றார் சவரிமுத்து.

இருக்கட்டும்.
தோட்டத்து ஆபீசுக்கு ஏழு கடிதம் எழுதியிருக்கிறேன்.
அங்கே இருப்பது மனுசர்கள்.