குழந்தை சீட்

வாங்கும்போதே பாரின் மேல் அது இருந்தது.
எந்த வீட்டுப் பிள்ளைக்கோ வெல்டிங் வைத்த சின்ன சீட்.
முதுகில் மஞ்சள் பெயிண்டில் ‘ஜெ’,
மீதிப் பெயரைத் துரு தின்றிருந்தது.
“அறுத்துடவா?” என்றார் ஜிலானி.
வேண்டாம் என்றேன்.
பிள்ளை இல்லை, ஐஸ் பெட்டி இருக்கிறது.

எழில் நகரிலிருந்து
பழைய வண்ணாரப்பேட்டை லேபுக்குப் போகிற வழியில்
தினம் எட்டுப் பத்து வீடு.
ராத்திரி ஒன்பதுக்குப் பிறகு
பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடாதவர்கள்
கைச்சட்டையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.
நான் குத்தினால்தான் அவர்களுக்கு டீ.

ரத்தம் குலுங்கக் கூடாது.
குலுங்கினால் அணு உடைந்து சீரம் சிவந்துபோகும்,
பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறிவிட்டதாக மெஷின் பொய் சொல்லும்,
ஒன்றுமில்லாத ஆள் ஒருவர்
ஆட்டோ பிடித்து ஸ்டான்லிக்கு ஓடுவார்.
மணலி சாலைக்கு இதெல்லாம் தெரியாது.

அதனால் சீட்டின் மேல் பழைய டியூபை
மூன்று மடிப்பாகப் போட்டுக் கட்டினேன்.
பெட்டிக்குள் சோபாக் கடைப் பஞ்சு,
அதில் பேனாக் கத்தியால் குடைந்த இருபத்துநாலு குழி.
காற்று நாற்பதுக்கு மேல் வேண்டாம் என்று
ஜிலானியோடு வாராவாரம் சண்டை.
“கல்லு மாதிரி இருந்தாத்தாம்மா ஓடும்” என்பது அவர் கட்சி.
ஓட வேண்டாம் பாய்,
மிதக்கணும்.

மார்கழி இருட்டுக்கு டிரெய்லர் யார்டில் ஓர் ஒடியா பையன்
சிவப்பும் வெள்ளையுமாய் மினுங்கும் நாடா
ஒரு முழம் கிழித்துக் கொடுத்தான்.
பின் மட்கார்டில் ஒட்டினேன்.
இப்போது பின்னாலிருந்து பார்த்தால்
நாற்பதடிக் கண்டெய்னரில் உதிர்ந்த துண்டு நான்.
சொந்தக்காரி என்று நினைத்தாவது
லாரிக்காரர்கள் ஒதுங்கிப் போகட்டும்.

உடைத்துப் போட்ட ஆட்டோவின் கண்ணாடி, அறுபது ரூபாய்.
அதில் குப்பை மேட்டுப் புகை
கொருக்குப்பேட்டை வரைக்கும் கூடவே வரும்.
திரும்பிப் பார்க்காமல் இருந்தபோது
அது வீட்டோடு நின்றுவிடும் என்றிருந்தேன்.

எல்லாம் மாட்டி முடித்த அன்றைக்குத்தான்
கேட் விழுந்தது.

முன்பெல்லாம் வண்டியை ஒருக்களித்துச் சாய்த்து
தலையைத் தாழ்த்தி நுழைந்து
கேட்கீப்பர் திட்டுகிற திட்டு முடிவதற்குள்
அந்தப் பக்கம் ஏறியிருப்பேன்.
இன்று சாய்க்க முடியாது.
பெட்டிக்குள் ஏழு பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

பால் கேன்காரர் குனிந்து போனார்.
பள்ளிக்கூடப் பையன்கள் குனியாமலே போனார்கள்.
நான் டேங்கர் வேகன்களை எண்ணினேன்.
நாற்பத்தொன்றில் ரயில் நின்றது, யோசித்தது,
வந்த வழியே கொஞ்சம் பின்னுக்குப் போனது.
எண்ணியது கெட்டது.

போன்.
சேணியம்மன் கோயில் தெரு எபினேசர் சார்.
“எங்கம்மா இருக்கே? இங்க டீ ஆறிப்போச்சு.”
“டீ எதுக்கு சார் போட்டீங்க?”
“சும்மா, வாசனைக்கு.”

எனக்குப் பின்னால் ஒரு லோடு ஆட்டோ
ஹாரனில் கை வைத்தபடியே இருந்தது.
வெயில் ஏறவும்
பெட்டி மேல் ஈரத் துண்டைப் போர்த்தி, பெல்ட்டை இறுக்கினேன்.
ஹாரன் நின்றது.
ஆள் பாதி உடம்பை வெளியே நீட்டி எட்டிப் பார்த்தார்,
குரலை இறக்கிக்கொண்டு கேட்டார்:
“தூங்குதாம்மா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.
அவர் எஞ்சினையும் அணைத்தார்.
பக்கத்து பைக்காரனிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.
ஒரு ரெண்டு நிமிஷம்,
கொருக்குப்பேட்டை கேட்டில்,
காலை ஏழேகாலுக்கு,
காக்கா சத்தம் கேட்டது.

கேட் ஏறியதும்
இறங்கித் தள்ளியே தண்டவாளங்களைத் தாண்டினேன்,
ஒவ்வோர் இரும்புக்கும் முன்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி வைத்து.
லோடு ஆட்டோ ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே வந்தது.
கண்ணாடியில் பார்த்தேன், புகைக்கு முன்னால் அவர் முகம்.

நாளைக்கு இருபது நிமிஷம் முன்னால் கிளம்பணும்.
பெல்லுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடணும்.
மறுபடி போன்.

“கேட் ஏறிடுச்சு சார்.
டீயைத் தொடாதீங்க.”