தேன் புட்டிக்கு எழுதும் மை

போகோமிர்,
உங்கள் பேனா சாகவில்லை.
தொண்டை அடைத்துக் கிடந்தது, அவ்வளவுதான்.
ஓவியர்கள் தொட்டு வரைகிற கறுப்பு மையை
அதற்கு யார் குடிக்கக் கொடுத்தது என்று
நான் கேட்கப்போவதில்லை.
உங்கள் நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது.

அந்த மையில் அரக்கு உண்டு.
காகிதத்தில் காய்ந்தால் மழைக்கும் அசையாது.
நிப்புக்கு அடியில், மயிரிழை ஓடையில் காய்ந்தாலும்
அப்படியேதான்.
அதற்கு இடம் பொருள் ஏவல் தெரியாது.

மருந்துக்கடையின் பின்னறையில்
களிம்பு குழைக்கும் பீங்கான் கிண்ணத்தில்
நான்கு நாள் பச்சைத்தண்ணீரில் கிடந்தது.
வெந்நீர் கூடாது. வெந்நீர் என்பது அவசரம்;
பழைய எபோனைட் அவசரத்தில் கோணிக்கொள்ளும்.
ஐந்தாம் நாள்
பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு அமோனியா.
சன்னலைத் திறந்தால் சாவா நதியின் பனிமூட்டம்
உள்ளே வந்து இருமல் மருந்துகளின் மேல் உட்கார்ந்தது.
"இங்கே எந்தப் பூனை?" என்றாள் திங்காரா
மூக்கைப் பொத்திக்கொண்டு.

சாயங்காலம் ஆறரைக்கு,
கடைசி ஆள் மூட்டுவலிக் களிம்போடு போனபின்,
ஒரு கறுப்பு நூல் இறங்கியது.
பிறகு செதில் செதிலாக.
பிறகு, நான் எதிர்பார்க்கவில்லை,
நீலம்.

கறுப்புக்குக் கீழே இத்தனை வருஷ நீலம்.
எனக்குத் தெரிந்த நீலம் அது.
என் அலமாரியில் 'லிண்டன் பூத்தேன்' என்று இருந்தது,
ஈரக்கை பட்டுப் பட்டு
'லி' மட்டும் மிஞ்சி
மற்றதெல்லாம் குளமாகி.
சனிக்கிழமைச் சந்தையில் உங்கள் மேசை முன்னால் நின்று
நாலு பேர் காதுபட,
"எது லிண்டன், எது செஸ்ட்நட் என்று
விரல் விட்டு நக்கித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது" என்றவள்
நான்தான்.
நீங்கள் சிரித்தீர்கள்.
சிரித்துவிட்டு நேரே போய்க் கறுப்பு மை வாங்கியிருக்கிறீர்கள்.

ஆகவே கூலி வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்.
இந்த வருஷப் புட்டியை மூன்று முறை தேய்த்துக் கழுவிவிட்டேன்.
உள்ளே பிளம் ஜாம்.
வெளியே இன்னும்
'செஸ்ட்நட், ஜூலை, வடக்குச் சரிவு.'
உங்கள் பசை எப்போதுமே பிடிவாதம்தான், சீட்டு உரியாது.
ஆனால் நீலமாக இருந்தபோது
ஒரே கழுவலில் சீட்டு வெறும் வெள்ளையாகி
அடுத்த ஜூலைக்கு உங்களிடம் திரும்பும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது:
மாசிக்காயும் இரும்பும் சேர்ந்த மை.
எழுதும்போது வெளிறிய நீலம், மறுநாள் கறுப்பு;
சொன்ன சொல்லை இரவெல்லாம் யோசித்து
உறுதிசெய்துகொள்கிற மாதிரி.
ஆனால் புளிப்புக் குணம் அதற்கு.
மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது
பேனாவைக் குளிப்பாட்ட வேண்டும்.
நாற்பது தேன்கூடு வைத்திருப்பவர் நீங்கள்.
ஜூனில் சட்டைப் பித்தானையே மாற்றிப் போடுகிறீர்கள்.

நீலமே போதும்.
அதோடு வேறெதையும் கலக்காதீர்கள்.
பையில் வைத்தால் நிப்பு வானம் பார்க்கட்டும்.
பிஸ்டனுக்குக் கடுகளவு சிலிக்கான் தடவியிருக்கிறேன்;
அடுத்த முறை தேன்மெழுகு தடவலாமே என்று
உங்களுக்கு ஒரு யோசனை வரும்.
வேண்டாம்.

கழுவி முடித்து, நிப்பைத் துணியில் குத்தி நிறுத்தினேன்.
நீல வட்டம் விரிந்தது, வெளிறியது,
கடைசியில் வெறும் ஈரம்.
என் மேசையிலிருந்த மையை நிரப்பி
உங்கள் பேனாவால்தான் இதை எழுதுகிறேன்,
சோதித்துப் பார்க்க.
எவ்வளவு கழுவியும்
உங்கள் பெயரில் கொஞ்சம் கறுப்பு கசிந்திருக்கிறது, பாருங்கள்.
நிப்பு உங்கள் சாய்வுக்குத் தேய்ந்துவிட்டது;
மணிக்கட்டை இடப்பக்கம் திருப்பினால்தான் பேசுகிறது.
பாதிப் பக்கத்துக்குள் என் கைக்குப் பழகிவிட்டது.
திருப்பிக் கொடுத்தபின்
என் கையெழுத்து எப்படி வருமோ தெரியவில்லை.

சனிக்கிழமை வருகிறேன்.
லிண்டன் ஒன்று எடுத்துவையுங்கள்.

ஈரக்கையோடு இதைப் பிரிக்காதீர்கள்.