குப்பி எண் 2317

ஸ்வான்லோய்கின் கைகள்
இருபது வருடம் காட் மீன் அறுத்தவை.
சாண்ட்கெர்தி ஆலையை மூடிய பிறகு
இடுக்கி பிடிக்கப் பழகின.

எரிசாராயத்திலிருந்து வெளியே வருகிறது
ஆயிரத்து எண்ணூறு மீட்டர் ஆழத்தில்
பவளக் கிளையொன்றில் தலையை ஒட்டிக்கொண்டு
காலால் இரை அள்ளிய கொட்டலசு.

தகடுகளை எண்ணுகிறாள். பதினான்கு.
பதின்மூன்று என்கிறது பழைய விளக்கம்.
மறுபடி எண்ணுகிறாள்.
பதினான்கேதான்.
"அடித்தகடு சற்றே மழுங்கியது":
எவ்வளவு மழுங்கினால் சற்றே?

பெர்கனிலிருந்து டாக்டர் ஓட்வார்
சீட்டில் எழுதியிருந்தார்:
'ஓரத்தில் அழுக்கு. துலக்கவும்.'

துலக்கவில்லை.
முள் தேடியே தேய்ந்த விரலுக்குத் தெரியும்,
அழுக்கு இப்படி
இடம் பார்த்து உட்காராது.

விளக்கைச் சாய்த்தாள்.
தகட்டின் உள்மடிப்பில் சின்னப் பை,
பைக்குள் மணலிலும் சிறிதாக,
வாயில்லை, வயிறில்லை,
ஆண்.

எதிர்ப்பக்கப் பையில்
இன்னொருவன்.

சிரித்த சத்தத்தில்
அடுத்த மேசை யோருன் நிமிர்ந்து பார்த்தாள்.
ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டு
பேரினத்தை மட்டும் பென்சிலில் எழுதினாள்,
சிற்றினத்துக்கு ஒரு கேள்விக்குறி.
எண்ணிக்கை என்ற கட்டத்தில்
ஓட்வாரின் ஒன்றை அடித்து
மூன்று.