காரணம்: புயல்

முதுநகர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த வேதவல்லி மேடம்
முதல் வாரமே
சாவிக்கொத்தைப் பிரித்து மேசைமேல் பரப்பிவிட்டார்.
"யாருக்கு எது வேணுமோ எடுத்துக்குங்க.
எடுத்தா அது உங்க பொறுப்பு."

மூன்று நாள் அப்படியே கிடந்தன.
பொறுப்பு என்றால் எங்கள் ஆசிரியர் அறையில்
மெமோ என்று பொருள்.

நான்காம் நாள்
துப்புரவு வேலை பார்க்கும் அஞ்சலாட்சி
கழிப்பறைச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.
"இனிமே தண்ணி வரலன்னா
மாநகராட்சிக்கு நானே போன் போடுறேன்."
பிறகு நூலக அலமாரி போயிற்று,
விளையாட்டுச் சாமான் அறை போயிற்று.
மணியடிக்கும் கட்டையை
ஆறாம் வகுப்பு வாங்கிக்கொண்டது
(இரண்டு நாள் பள்ளி சீக்கிரம் விட்டது).

வேதியியல் ஆய்வகச் சாவி மட்டும்
அந்த மேசைக்கு வரவே இல்லை.
பத்தொன்பது வருடமாக
என் சட்டைப்பையில் இருந்தது.

சோனாங்குப்பத்துச் சுகப்பிரியா வந்து கேட்டாள்:
"சனிக்கிழமை நாங்களே திறந்து நாங்களே பூட்டுறோம் சார்."
உடைந்தால்?
"எழுதி வைக்கிறோம்."
கிழிசலைப் பார்க்காமல்
வலையைப் படகில் ஏற்றாத வீட்டுப் பிள்ளை.
கொடுத்தேன்.
அன்றிரவு தூக்கமில்லை.

திங்கட்கிழமை
உடைசல் பதிவேட்டைத் திறந்தேன்.
பியூரெட், ஒன்று.
உடைத்தவர்: ம. சுகப்பிரியா, பதினொன்று ஆ.
காரணம்: அவசரம். கிளாம்பை முடுக்கவில்லை.
பக்கத்தில் புதிதாய் ஒரு கட்டம்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்கள்.
பார்த்தும் சொல்லாதவர்: அ. ஆஷிக் இலாஹி.

அதற்கு முந்தைய பக்கங்கள் எல்லாம்
என் கையெழுத்து.
உடைத்தவர்: தெரியவில்லை.
உடைத்தவர்: தெரியவில்லை.
காரணம்: புயல்.
கடலூரில் எதையும் புயல்மேல் எழுதிவிடலாம்.
ஆடிட் வருகிறவர்கள் தலையாட்டுவார்கள்.
புயலும் வந்து மறுக்காது.

இரசாயனத் தராசு புயலில் விழவில்லை.
மழையெல்லாம் ஓய்ந்து
கெடிலம் பழையபடி மெலிந்துவிட்ட ஒரு செவ்வாய்க்கிழமை,
வீட்டில் போட்ட சண்டையைக் கையிலேயே கொண்டுவந்து
நான்தான் நகர்த்தினேன்.
'யார் செய்தது' என்று
ஒரு வகுப்பையே வெயிலில் நிற்கவைத்தேன், மூன்று நாள்.
யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.
எப்படி ஒப்புக்கொள்வார்கள்?
அதற்குப் பிறகுதான் புயலை எழுதினேன்.

சிவப்பு மையால் புயலை அடித்தேன்.
கா. தில்லைகோவிந்தன், முதுகலை ஆசிரியர்.
காரணம் என்ற இடத்தில்
வெகுநேரம் பேனா நின்றது.
கோபம், என்று எழுதினேன்.
அந்த மூன்று நாளை எழுத
கட்டம் போதவில்லை.

அடுத்த சனிக்கிழமை சுகப்பிரியா
அந்தப் பக்கத்தைப் படித்தாள். திருப்பினாள்.
பாத்திரம் கழுவப் போனாள். திரும்பி வந்தாள்.
"சார், புதுத் தராசுக்கு யார் எழுதிக் கேக்கணும்?"

பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தேன்.
அவளுடைய பேனா
நன்றாக எழுதியது.