எண்பத்தேழாவது குப்பி

இரவு பத்தரைக்கு ஆ செங்கின் கடையில்
கடைசி மேசையைத் துடைக்கும்போது
பின்வாசலில் வாளியோடு நிற்பேன்.
மிளகாய்க் குழம்பு வழித்த ஓடுகள்,
இடுக்கி நொறுக்கிய கால்கள்.
"வந்துட்டியா, குப்பை டாக்டர்" என்பார்.
மூன்று கிலோ. காசு வாங்கமாட்டார்.

நண்டு கொழுத்தால் வளையில் தங்காதாம்.
இவை தாமாகக் கிளம்பியவை அல்ல.
கொழும்பில் கயிறு கட்டி
விமானத்தில் ஏற்றி
சாங்கியில் இறக்கியவை.

வட்டப் பாதை ரயிலில்
என் பக்கத்து இருக்கை
கெண்ட் ரிட்ஜ் வரை காலியாகவே வரும்.

அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துப் போகும்.
காரத்தில் கொதித்தால் புரதம் போகும்.
மிஞ்சும் உமிபோன்ற வெள்ளைக்கு
இன்னும் கடுங்காரம், இன்னும் ஆறு மணி நேரம்.
அதன்பிறகு வினிகரில் கரையும்,
வடித்த கஞ்சிபோல் கொழகொழவென்று.
சர்க்கரைதான். எறும்பு சீண்டாத சர்க்கரை.
ஒன்றின் கையை ஒன்று கோத்து
ஆயிரக்கணக்கில் நீளும் சரம்.
பாடநூல் இதைப் பலபடி என்கிறது.
நான் ஏறியதெல்லாம் ஒரே படி,
மறுபடி.

அந்தப் பக்கம் ஹிதாயாவின் கடற்பாசிக் கரைசல்.
இரண்டையும் கலந்து
பத்து நிமிடம் எண்ணிக் கவிழ்ப்போம்.
வழிந்தால் தோல்வி.
எண்பத்தாறு வழிந்தன.
குறிப்பேட்டில் அவள் "ரசம்" என்று எழுதுவாள்,
என்னிடம் பிடித்த சொல்.
சற்றே கெட்டிப்பட்டால் "சாம்பார்".

ஏசி கெட்டுக்கிடந்த வியாழன் மதியம்
எண்பத்தேழைக் கவிழ்த்தேன்.
வழியவில்லை.
வௌவாலைப்போலத் தலைகீழாய்
தன்பாட்டுக்குத் தொங்கியது.
யாரும் கத்தவில்லை.
ஹிதாயா கையுறையைக் கழற்றிவிட்டு
முழங்கையால் நெற்றியைத் துடைத்தாள்.

பிளேடால் இரண்டாக வெட்டினோம்.
ஒரு பாதிக்கு நீலச் சாயம், ஒரு பாதிக்குச் சிவப்பு.
ஒட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.
காலையில் நீல முனையை இடுக்கியால் தூக்கினால்
சிவப்பும் கூடவே வந்தது,
நடுவில் ஊதாக் கோட்டோடு.

உள்ளே நடப்பது இவ்வளவுதான்:
பிணைப்பு விடும், பிடிக்கும், விடும்.
விடத் தெரிந்த கைதான்
வெட்டுக்கு அப்பால் இன்னொரு கையைப் பிடிக்கிறது.
ஆறாத புண்மேல் ஒருநாள் இதை வைப்பார்கள்
என்று நிதி விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறோம்.

எண்பத்தெட்டு வழிந்தது.
எண்பத்தொன்பதும்.
அதே ஓடு, அதே எடை, அதே இரண்டு பேர்.

ஏசியைச் சரிசெய்துவிட்டார்கள் என்பது
ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது.
நாங்கள் எழுதிய பொருட்பட்டியலில்
இந்தத் தீவின் புழுக்கம் இல்லை.

இப்போது தீயணைப்புப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறோம்,
முப்பத்திரண்டு டிகிரி,
மழை வரப்போகிற வெக்கை.
நடுவில் தொண்ணூறாவது குப்பி.
கட்டைவிரலில் ஓடு கிழித்த இடம்
வேர்வை பட்டு எரிகிறது.
ஏழு நிமிடம்தான் ஆகியிருக்கிறது.
அவள் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறாள்.