பதின்மூன்று மில்லிமீட்டர்

மழை இல்லாத மாதங்களில்தான்
பாலியூரித்தேன் ஊற்ற முடியும்.
மழை இல்லாத அதே மாதங்களில்தான்
டொங்காட்டில் கரும்புக்குத் தீ வைப்பார்கள்.
ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஜூன் கடைசியில் தார்த்தளத்தை நனைத்துப் பார்த்தோம்.
சரிவு நூற்றுக்கு ஒன்று, உட்புறமாக.
இருபது நிமிடம் கழித்தும் போகாமல் நின்ற தண்ணீரைச் சுற்றி
ம்தெத்வா சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டான்.
பதினேழு வட்டம்.
ஒவ்வொன்றிலும் ஒரு ராண்ட் காசு வைத்தான்.
காசு மூழ்கினால் ரொப்பு,
மூழ்காவிட்டால் விடு.
இரண்டாம் வளைவில் மூழ்கிய காசை
எடுக்க மறந்தானா, விட்டுவிட்டானா,
இன்றுவரை சிரிக்கிறானே தவிர சொல்வதில்லை.

அப்புறம் பசை, கறுப்பு ரப்பர்த் துகள்.
லாரிச் சக்கரங்களை அரைத்தது.
டர்பன் சாலையெல்லாம் ஓடித் தேய்ந்தவை
இனி ஓட வேண்டாம்,
கீழே கிடந்தால் போதும்.
பத்து மில்லிமீட்டர்.
மேலே சிவப்பு மூன்று.
நான் ஊசியைக் குத்திக் குத்தி அளந்துகொண்டே போனேன்,
முழங்காலில், தடம் தடமாக.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் காற்று திரும்பியது.
வாசனைதான் முதலில் வந்தது,
அடிப்பிடித்த பாகு.
பிறகு ஒவ்வொன்றாக
அவசரமே இல்லாமல்
கறுப்பு இழைகள்
பசை ஈரமாயிருந்த நாற்பது மீட்டரைத்
தேடி வந்ததுபோல் இறங்கின.

தயாளன் படையாச்சி தொப்பியைத் தரையில் அடித்தார்.
"இந்தக் கரும்புக்காகத்தானே நம்ம ஆளுங்க கப்பலேறி..."
என்று ஆரம்பித்தார்.
பசை இருபத்திரண்டு நிமிடத்தில் இறுகிவிடும்,
கப்பலை அப்புறம் பார்ப்போம் என்றேன்.
"நீயே சொல்லு தமயந்தி, என்ன செய்ய?"
எடுக்கப் போனால் தீற்றும்.
ஊதினால் ஒட்டும்.
சாம்பலின் மேலேயே சிவப்பைத் தூவச் சொன்னேன்.

சொன்னது நான்தான்.

ஆய்வாளர் வந்தார், குத்தினார், பதின்மூன்று என்று எழுதினார்.
அந்த நாற்பது மீட்டரில் நின்றுதான் தேநீர் குடித்தார்.

கோடு போடுவது எனக்குப் பிடித்த வேலை.
ஐந்து சென்டிமீட்டர் வெள்ளை,
கை நடுங்கினால் எட்டாண்டுக்கும் தெரியும்.
நானூறு மீட்டருக்கு
இரண்டாம் தடத்துக்காரிக்கு ஏழு மீட்டர் நான்கு சென்டிமீட்டர்
முன்னால் இடம்.
பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் அதைச் சலுகை என்றார்.
வளைவைக் கூட்டிப் பாருங்கள் என்றேன்.

இப்போது ஐந்து வருடம்.
நகராட்சி என்னைப் பராமரிப்புக்கு வைத்துக்கொண்டது.
பாசி வடிகால் ஓரத்தில் தொடங்கும்.
கழுவ வேண்டிய வாரத்தில் தண்ணீர் லாரி வராது,
வந்த வாரத்தில் மின்சாரம் இருக்காது.
ஹடீடாக்கள் காலையில் வந்து
விளிம்பில் அலகால் நோண்டும்,
என்னைப் போலவே,
எங்காவது மெத்தென்று இருக்கிறதா என்று.

திங்கட்கிழமைதோறும்
மூன்றாம் தடத்து நாற்பது மீட்டரைக் குதிகாலால் அழுத்துகிறேன்.
உரிந்தால் அங்கேதான் உரியும் என்று காத்திருந்தேன்.
உரியவில்லை.
தேய்ந்தது ஒன்றாம் தடம்.
நடக்க வருகிறவர், ஓட வருகிறவர்,
ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்
எல்லோருக்கும் உள்வட்டம்தான் வேண்டும்.
கறுப்பு வெளியே தெரிகிறது அங்கே,
யார் சாம்பலும் இல்லாமல்.

தடைக்கட்டைகளைக் குறுக்கே வைக்கிறேன்.
வைத்த பத்தாம் நிமிடம்
இரண்டு அம்மாக்கள் அவற்றைத் தூக்கி ஓரமாய் வைத்துவிட்டு
பேச்சை விடாமல் நடக்கிறார்கள்.

நேற்று மறுபடி எரித்தார்கள்.
மேலே விழுந்ததை ஊதுகருவியால் தள்ளினேன்.
மூன்றாம் தடத்தில் வந்ததும்
ஏனோ அணைத்துவிட்டு
கையால் கூட்டினேன்.
கீழே இருப்பது அப்படியே இருக்கட்டும்.

நாளை தடைக்கட்டைகளுக்குச்
சங்கிலி கேட்டு எழுத வேண்டும்.