ஈரம் யாருடையது

இங்கே மேடை இல்லை, கறுப்பு அங்கி இல்லை,
வக்கீல்களுக்கு அனுமதியும் இல்லை.
ஒரு மேசை, நான்கு நாற்காலி,
மழையைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு ஜன்னல்.
கிரேமவுத்தில் ஜன்னல்களுக்கு வேறு வேலை கிடையாது.

நான் நடுவர். லோசா என்று கூப்பிடலாம் என்பேன்.
யாரும் கூப்பிட்டதில்லை.

கிளெனிஸ் பாஸ்கோ, வயது அறுபத்தொன்று,
ரொட்டிக்கடைப் பையிலிருந்து
மூன்று விறகுக்கட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார்,
கெட்டுப்போன மீனைக் கடைக்காரனிடம்
திருப்பிக் கொடுக்கிற மாதிரி.
ஆறு கன மீட்டர். அறுநூற்று அறுபது டாலர்.
நன்கு காய்ந்தது என்று விளம்பரம்.
'அடுப்பில் வைத்தால் அழுகிறது' என்றார்.
அந்தச் சொல்லையே குறித்துக்கொண்டேன்.

விறகு விற்ற டாரில் கிராடக்
கைப்பேசியை நீட்டினார்.
மே மூன்று: வாசலில் கொட்டிய குவியல்.
மே பதினான்கு: அந்தப் பக்கம் போனபோது எடுத்த படம்.
அதே குவியல், அதே இடம், மேலே தார்ப்பாய் இல்லை.
'பதினொரு நாள் மழை.
வானத்துக்கும் நான்தான் பொறுப்பா?'

அந்தப் பதினொரு நாளும் கிளெனிஸ்
கிறைஸ்ட்சர்ச் மருத்துவமனையில்,
கெல்வினின் உடைந்த இடுப்பெலும்புக்குப் பக்கத்தில்.
மனுவில் எழுதவில்லையே என்றேன்.
'அதற்கும் விறகுக்கும் என்ன சம்பந்தம்?'
சட்டப்படி அவர் சொன்னது சரி.

நான் ஆப்பியாவில் பிறந்தவள்.
அங்கே குளிருக்காக யாரும் மரம் எரிப்பதில்லை.
ஆகவே கேட்டேன்:
வந்தபிறகு நனைந்த கட்டையையும்
காயாமலே வந்த கட்டையையும்
எப்படிப் பிரித்தறிவது?

இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்:
'பிளந்து பார்க்கணும்.'
அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே வாக்கியம்.

நடைமுறைக் கையேட்டில் இதற்குப் பக்கம் கிடையாது.
கார் நிறுத்துமிடத்தில், டாரிலின் லாரியிலேயே கோடரி இருந்தது.
காவலாளி குடை பிடித்தார்,
கட்டைக்கு.

முதலாவது, ஒரே போடு.
பட்டை ஊறியிருந்தது, உள்ளே வைரம் எலும்பாய் உலர்ந்து கிடந்தது.
இரண்டாவதும் அப்படியே.
கிளெனிஸ் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.
மூன்றாவது, கோடரியைக் கவ்விக்கொண்டது.
உருவி, மறுபடி ஓங்கிப் போட்டார்.
மருந்துக்கடைக் கதவு திறந்தாற்போல் தைல வாசனை.
நடுவே வெளிர்ச்சிவப்பாய்ப் பச்சை ஈரம்.

டாரில் குனிந்து அதில் விரலை வைத்தார்.
நெடுநேரம் எடுக்கவில்லை.
'மார்ச்சில் சாய்த்த தைலமரம். கலந்துவிட்டது போல.'
'போல' என்பதை அடித்துவிடட்டுமா என்றேன்.
'அடிச்சிடுங்க.'

உத்தரவு: மூன்றில் ஒரு பங்கு,
இருநூற்று இருபது டாலர், இருபத்தெட்டு நாளுக்குள்.
மனுக் கட்டணம் திரும்பாது.
ஆறு கன மீட்டருக்கு மூன்று கட்டை சாட்சியா என்று
மேலே யாராவது கேட்கலாம்.
ஒரு பானைக்கு ஒரு சோறு பதம் என்றால்
மூன்று சோறு தாராளம்.

குறைவு என்றார் கிளெனிஸ். அதிகம் என்றார் டாரில்.
இரண்டு பேரும் முகம் சுளித்தால் தராசு நேராக நிற்கிறது என்பார்கள்.
எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.
இரண்டு தட்டும் காலியாகப் போகிற நாளும் உண்டு.

லாரிக் கதவைத் திறந்துகொண்டே டாரில் கேட்டார்:
'நடக்கிறாரா?'
'கம்பு ஊன்றி.'
'விறகை அடுக்கியாச்சா?'
'யார் அடுக்க?'
அவர் தலையசைத்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை.
உத்தரவில் அதை நான் எழுதவும் முடியாது.

உலர்ந்த நான்கு பிளவுகளைக் கிளெனிஸ் கொண்டுபோனார்.
பச்சை இரண்டும் இப்போது டாரிலின் உடைமை.
விட்டுவிட்டுப் போய்விட்டார்.
என் மேசைக்கடியில், வழக்கு எண் ஒட்டி வைத்திருக்கிறேன்.
இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தேன்; எடுக்கவில்லை.

பதினொன்றரை மணி வழக்கு,
நாய் கடித்த சைக்கிள் இருக்கை.
வாதி உள்ளே வந்தார், மூக்கை உறிஞ்சினார்,
நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு கேட்டார்:
'இங்கே யாருக்குச் சளி?'